மூன்றாவது லொறி: வெள்ளவத்தையில் ஒரு சிலாப் போட்ட நாள்

வெள்ளவத்தையில், காலி வீதியில் இருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஆறு பேர்ச் காணி. அதில் எழும்பிக்கொண்டிருக்கும் வீட்டின் முதலாம் மாடிச் சிலாப்புக்கு 15 கனமீற்றர் ரெடிமிக்ஸ் (நிலையத்தில் கலந்து லொறியில் வரும் கொங்கிறீட்) கேட்டிருந்தோம். 10 இறங்கியது. மீதி 5 கனமீற்றரை லொறியோடு திருப்பி அனுப்பினேன். அந்த முடிவால் வீட்டுக்காரரும் மேசனும் லொறிக்காரரும் அன்றைக்கு என்மேல் கோபப்பட்டார்கள். நான் அந்த வேலையை வீட்டுக்காரர் சார்பில் மேற்பார்வை செய்தவன். என்ன நடந்தது, ஏன் அப்படிச் செய்தேன், பிறகு சிலாப் எப்படி இருந்தது என்பதை வீடு கட்டுகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன். கொங்கிறீட் என்றால் எல்லாரும் சீமெந்தின் தரத்தையும் கம்பியின் கனத்தையும்தான் விசாரிக்கிறார்கள். லொறிக்கும் லொறிக்கும் இடையில் எவ்வளவு நேரம் போனது என்று ஒருவரும் கேட்பதில்லை. எனக்குத் தெரிந்து கொழும்பில் வீட்டுச் சிலாப்புகள் பழுதாவது அதிகமும் அந்த இடைவெளியில்தான்.

வீடும் ஒழுங்கையும்

வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற ஆசிரியை. ஒழுங்கைக்கே அவர் ரீச்சர். 2021இல் தொடங்கிய வேலை, 2022 பொருளாதார நெருக்கடியில் சீமெந்து விலை ஏறிய ஏற்றத்தில் கீழ்த்தளத் தூண்களோடு நின்றுபோனது. இரண்டு வருடத்துக்கு மேலாகத் தூண்களின் தலைக்கம்பிகள் கடற்காற்றில் வெறுமையாக நின்றன. நாங்கள் திரும்பப் போனபோது கம்பியைக் கையால் தேய்த்தால் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. கம்பி பிரஷ்ஷால் உலோகம் தெரியும்வரை தேய்த்து, அதன் தடிப்பை அளந்து, கம்பி மெலிந்துபோன மூன்று தூண்களில் பொறியியலாளர் சொன்னபடி துளையிட்டு, எபொக்சிப் பசை வைத்து மேலதிகக் கம்பி இறக்கினோம். வேலையை இடையில் நிறுத்த வேண்டி வந்தால் தலைக்கம்பிக்குச் சீமெந்துப் பால் பூசி பொலித்தீன் சுற்றிவிடுங்கள். அரை நாள் வேலைதான்.

ஒழுங்கையின் வாய் பதினைந்து அடி. நடுவில் ஒரு வளைவு, அதைத் தாண்டினால் பத்தடி. கொங்கிறீட் லொறியின் அகலமே எட்டடிக்கு மேல். ஒரு கனமீற்றர் ஈரக் கொங்கிறீட் ஏறத்தாழ 2,400 கிலோ. 6 கனமீற்றர் ஏற்றினால் சரக்கு மட்டும் 14 தொன்னைத் தாண்டும். வளைவுக்கு அப்பால் வடிகான் மூடிகள் அதைத் தாங்காது. கையை விரிக்கும் பெரிய பம்ப் வாகனத்துக்குக் கால் ஊன்ற இடமில்லை. அதனால் வளைவில் ஒரு நிலையான பம்பை நிறுத்தி, அங்கிருந்து வீட்டுக்கு 45 மீற்றர் குழாய் போடுவது, லொறிக்கு 5 கனமீற்றர் மட்டும் ஏற்றுவது என்று ஏற்பாடு.

கணக்கில் பலர் தவறவிடும் ஒன்று அந்தக் குழாய். ஐந்து அங்குலக் குழாய் 45 மீற்றருக்கு நிறைந்து நிற்க அரைக் கனமீற்றருக்கு மேல் கொங்கிறீட் வேண்டும். எங்கள் சிலாப் 12 மீற்றருக்கு 7 மீற்றர், கனம் 125 மில்லிமீற்றர். விட்டங்களோடு சேர்த்து 13 கனமீற்றர். குழாயையும் சேதத்தையும் சேர்த்து 15 கேட்டோம். இங்கே இன்னொரு குழப்பமும் உண்டு. மேசன்மார் மணல் வாங்கிப் பழகிய 'கியூப்'பில்தான் நினைப்பார்கள். ஒரு கியூப் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கனமீற்றர். தொலைபேசியில் "பதினைந்து கியூப்" என்று சொல்லிவிட்டால் அது எந்த அளவு என்பதில் இரண்டு பக்கமும் வேறு வேறு எண்ணம் இருக்கும். எழுத்தில் கனமீற்றர் என்றே கொடுத்தோம்: கிரேட் 25 (28 நாளில் சதுர மில்லிமீற்றருக்கு 25 நியூட்டன் தாங்கும் வலு), ஸ்லம்ப் (கலவை எவ்வளவு இளகியது என்ற அளவு) 125 மில்லிமீற்றர், இறுக்கத்தைத் தாமதப்படுத்தும் மருந்து சேர்த்தது.

முதல் நாள் மாலை

ஒக்டோபர் மாதம். கொழும்பில் வருடத்தின் கனத்த மழை விழும் காலம் அதுதான். பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலம் என்பதால் காலையில் வெயில் சுட்டுவிட்டு, மத்தியானம் இரண்டு மூன்று மணிக்கு இடியோடு கொட்டும். முதலில் குறித்த சனிக்கிழமை விடியவே மழை. அடுத்து இடம் கிடைத்தது செவ்வாய்க்கிழமை. வார நாளில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் சிலாப் போடுவது எனக்கு உடன்பாடில்லை. பள்ளிக்கூடங்கள் ஒன்றரைக்கு விட்டால் வீதி அடைத்துக்கொள்ளும். ஆனால் சிலாப்பைக் கீழிருந்து தாங்கும் பலகையும் முட்டும் வாடகைக்கு நின்றன, நாளுக்கு நாள் காசு. ரீச்சர் "இனியும் தள்ளிப் போடாதேங்கோ தம்பி" என்றார். ஒத்துக்கொண்டேன்.

முதல் நாள் மாலையில் கம்பி பார்த்தோம். கம்பிகளில் எஸ்எல்எஸ் 375 என்ற இலங்கைத் தர முத்திரை இருந்தது; கட்டும் சரியாக இருந்தது. கீழ்ப்பலகையில் இருந்து கம்பியைத் தூக்கி நிறுத்தச் சில இடங்களில் உடைந்த கல்லை வைத்திருந்தார்கள். கல் உருளும், சரியும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு 25 மில்லிமீற்றர் சீமெந்துக் கட்டைகள் வைத்தோம். முட்டுகள் நின்றது நிரப்பிய மண். அடியில் பலகை இல்லாமல் நின்ற பதினொரு முட்டுகளுக்குப் பலகை போட்டோம்.

பிறகு நான் சிலாப்பின் குறுக்கே சோக்கட்டியால் ஒரு கோடு போட்டேன். வீடு நீளவாட்டில் மூன்று அறைகளாகப் பிரிந்திருந்தது, குறுக்கே விட்டங்கள். பின்பக்கத்தில் இருந்து போட்டுக்கொண்டு வருகிறோம். மூன்றாவது அறை 3.6 மீற்றர். அதில் விட்டத்தில் இருந்து 1.2 மீற்றர் தள்ளி, மூன்றில் ஒரு பங்கில் கோடு. வேலை நின்றால் நிற்க வேண்டிய இடம் அது. விட்டத்துக்குப் பக்கத்தில் சிலாப்பை வெட்டி இழுக்கும் விசை அதிகம், நடுப்பகுதியில் குறைவு. பழையதும் புதியதும் சேரும் இணைப்பு எப்போதும் விசை குறைந்த இடத்தில் வர வேண்டும். கோட்டின் நீளத்துக்குப் பலகை அறுத்து, கம்பி போகும் இடமெல்லாம் சீப்பு மாதிரி வெட்டி, ஓரமாகச் சாய்த்து வைத்தோம். பத்துப் பை சீமெந்து, மணல், முக்கால் அங்குலக் கல், ஒரு பை அடிக்கும் மிக்சர், பொலித்தீன் சுருள் எல்லாம் பக்கத்திலேயே.

மேசன் ஹற்றன் பக்கத்துக்காரர், கைத்திறன் உள்ளவர். கோட்டைப் பார்த்துவிட்டு, "நிக்கப் போறதே இல்ல சார், எதுக்கு இது?" என்று கேட்டார். ஒருநாளில் முடிக்கும் வேலையில் நிற்கும் இடத்தைக் குறிப்பது அபசகுனம் மாதிரி அவருக்குப் பட்டிருக்கலாம்.

நேரம் போன விதம்

முதல் லொறி காலை 9 மணிக்கு என்று பேச்சு. கலவை நிலையத்தில் ஏதோ பழுது என்று வந்து சேர்ந்தது 10.40க்கு. குழாய்க்குள் முதலில் சீமெந்துப் பால் ஓடவிட்டோம். குழாய் வழுக்க அது வேண்டும். ஆனால் அது கல் இல்லாத கூழ், சிலாப்புக்குள் விழக்கூடாது. ஒரு பழைய பீப்பாயில் பிடித்து அப்புறப்படுத்தினோம். பல இடங்களில் அதை விட்டத்தின் மூலையிலேயே ஊற்றிவிடுகிறார்கள். அந்த மூலை பிறகு எப்படியும் காட்டிக்கொடுக்கும்.

இரண்டாவது லொறி 11.45. அது இறங்கி முடிய 12.50. இவ்வளவு நேரமும் நான் சண்டை பிடித்தது கால்களோடுதான். குழாய் பிடிப்பவரும் போக்கர் (கொங்கிறீட்டை அதிரவைத்து இறுக்கும் கருவி) பிடிப்பவரும் மேல்கம்பியில் ஏறி நிற்பார்கள். விட்டத்துக்கு மேல் வரும் மேல்கம்பிதான் அந்த இடத்தில் சிலாப்பைத் தாங்குவது. 125 மில்லிமீற்றர் சிலாப்பில் அந்தக் கம்பி வேலை செய்யும் ஆழம் 95 மில்லிமீற்றர் அளவில்தான். மிதிபட்டு ஓர் அங்குலம் இறங்கினால் தாங்கும் வலுவில் நாலில் ஒரு பங்கு போய்விடும். ஊற்றிய பிறகு அது யார் கண்ணுக்கும் தெரியாது. நடக்கப் பலகை போட்டிருந்தோம். அவசரத்தில் பலகை பின்னால் கிடக்க ஆட்கள் முன்னால் போய்விடுவார்கள். இரண்டு தடவை நிறுத்தி, கொக்கியால் கம்பியைத் தூக்கிக் கட்டைகளைத் திரும்ப வைத்தோம்.

12.50க்கு எங்கள் கொங்கிறீட் மூன்றாவது அறைக்குள் விட்டத்தைத் தாண்டி ஓரடி வந்திருந்தது. நிற்கக் கூடாத இடம்.

மூன்றாவது லொறி 12.20க்குக் கலந்து புறப்பட்டதாகத் தகவல். ஒரு மணி ஆனது, ஒன்றரை ஆனது. வழியில் பள்ளிக்கூடம் விட்டுவிட்டது. 1.50க்குக் கடல் பக்கம் இருண்டு வந்து மழை இறங்கியது. பொலித்தீனை இழுத்து மூடினோம். இரண்டு சுருள் சந்திக்கும் இடத்தில் காற்று கிளப்பி, ஐந்தடி அளவுக்கு ஒரு திட்டு நனைந்துவிட்டது. சீமெந்து கழுவுப்பட்டு மணல் மேலே தெரிந்தது. மேசன் ஒரு வாளி சீமெந்துத் தூளோடு வந்தார், மேலே தூவி மட்டப்பலகை இழுக்க. நம் ஊரில் எல்லாரும் செய்வது அது. தூள் மேலே ஒரு பொருக்காக நிற்கும், ஆறு மாதத்தில் உரிந்து வரும். தடுத்துவிட்டு, கழுவுப்பட்ட மேல்பகுதியை அரை அங்குலத்துக்குச் சுரண்டி அள்ளச் சொன்னேன்.

லொறி வந்தது

2.20க்கு லொறி வளைவில் பின்பக்கமாக வந்து நின்றது. கலந்து இரண்டு மணி நேரம். தொண்ணூறு நிமிடத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்பது பொதுவான வழக்கம். நேரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கவில்லை. மருந்து சேர்த்த கலவை சிலவேளை தாங்கும். ஸ்லம்ப் பார்த்தேன். 300 மில்லிமீற்றர் உயரக் கூம்பில் மூன்று தடவையாக நிரப்பி, ஒவ்வொரு தடவையும் 25 குத்து, மட்டம் பண்ணி, கூம்பை நேராகத் தூக்குவது. நல்ல பம்ப் கலவை தூக்கியவுடன் தளர்ந்து அமரும். இது நின்ற இடத்தில் நின்றது. அளந்தால் 50 மில்லிமீற்றர். கையில் அள்ளிப் பார்த்தேன். சூடு தெரிந்தது, கல் தனியாகச் சொரசொரத்தது.

நான் குனிந்து அளந்துகொண்டிருக்கும்போதே சாரதித் தம்பி ஏணியில் ஏறித் தண்ணீர்க் குழாயைக் கையில் எடுத்துவிட்டார். "கொஞ்சம் தண்ணி விட்டா பம்ப் இழுக்கும் அண்ணை, எல்லா சைட்லயும் விடுறதுதான்." அவர் சொன்னது உண்மை. அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதைத்தான் ஒருவரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஸ்லம்ப் 25 மில்லிமீற்றர் கூட, கனமீற்றருக்கு ஏறத்தாழ 5 லீற்றர் தண்ணீர் வேண்டும். 50ஐ 125 ஆக்க 15 லீற்றர். ஐந்து கனமீற்றருக்கு 75 லீற்றர். எங்கள் கலவையில் கனமீற்றருக்குச் சீமெந்து 340 கிலோ, தண்ணீர் 185 லீற்றர். பதினைந்தைக் கூட்டினால் சீமெந்துக்குத் தண்ணீர் விகிதம் 0.54இல் இருந்து 0.59க்குப் போகும். கிரேட் 25இல் மூன்று நான்கு நியூட்டன் அங்கேயே கரைந்துவிடும். வலு குறைவது ஒரு பக்கம். மேலதிகத் தண்ணீர் காய்ந்து போன வழியெல்லாம் நுண்துளை. கடற்கரை வீட்டில் உப்புக்காற்று கம்பியைத் தேடிப் போவது அந்தத் துளை வழியாகத்தான். தூண்களின் துருவைத் தேய்த்த கை இன்னும் ஆறியிருக்கவில்லை.

தண்ணீருக்குப் பதில் இளக்கும் மருந்தை நிலையத்து ஆள் வந்து அளந்து சேர்த்தால் சிலவேளை மீட்கலாம். தொலைபேசியில் கேட்டேன். ஆள் வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். லொறியைத் திருப்பச் சொன்னேன்.

ரீச்சர் குடையோடு வாசலில் நின்றார். "தம்பி, அவ்வளவும் காசெல்லோ?" ஓய்வூதியக் காசு. எனக்குத் தெரியாமல் இல்லை. நான் கூம்பில் நின்ற கொங்கிறீட்டைக் காட்டி, "இதை ஊத்தினா இதுவும் காசு, பிறகு உடைக்கிறதும் காசு, ரீச்சர்" என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை. உள்ளே போய்விட்டார். அந்தச் சாரதித் தம்பியின் முகமும் மறக்கவில்லை. நெரிசலுக்கு அவர் பொறுப்பில்லை, ஆனால் இறுகும் கொங்கிறீட்டோடு திரும்பிப் போய் டிரம்மைக் கழுவ வேண்டியவர் அவர்தான். (அந்த லொறியின் விலையில் பாதியை நிலையம் பின்னர் விட்டுக்கொடுத்தது. தாமதத்தைப் பற்றி முன்கூட்டியே எழுத்தில் ஒன்றும் வைக்காதது எங்கள் பக்கத்துப் பிழை.)

ஓரடியில் இருந்து கோடு வரை

இனி வேலை, விட்டத்தைத் தாண்டி ஓரடியில் நிற்கும் விளிம்பைக் கோடுவரை கொண்டுபோவது. முதலில் பழைய விளிம்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போக்கரை ஓடவிட்டு, அழுத்தாமல், அதன் பாரத்திலேயே இறங்க விட்டோம். இறங்கியது. மெதுவாக வெளியே எடுக்க, துளை தானாக மூடிக்கொண்டது. அதாவது புதிய கலவையோடு சேர்த்து அதிரவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். மருந்து சேர்த்ததால் கிடைத்த அவகாசம் அது. துளை மூடாமல் நின்றிருந்தால் விளிம்பை வெட்டி எடுக்க வேண்டி வந்திருக்கும்.

மழை தூறிக்கொண்டிருந்தது. மிக்சருக்கு மேல் தறப்பாள் கட்டி, ஒரு பங்கு சீமெந்துக்கு ஒன்றரை மணல், மூன்று கல். மணல் ஈரமாக இருந்ததால் தண்ணீரை அரை வாளியாகக் குறைத்தே விட்டோம். மேசனின் கோபமெல்லாம் அப்போது போய்விட்டது. வாளியைத் தானே அளந்து ஊற்றினார், மணலும் கல்லும் அளக்கும் பெட்டியைத் தானே தட்டி மட்டம் பார்த்தார். ஏழு பை போனது. சீப்புப் பலகையைக் கோட்டில் நிறுத்தி, விளிம்பில் இருந்து பலகைவரை நிரப்பி, போக்கரைப் பழையதற்குள் அரையடி இறக்கி அதிரவிட்டோம். சுரண்டிய திட்டையும் அதே கலவையால் நிரப்பினோம். 3.25க்கு முடிந்தது. பலகைக்கு அப்பால் மூன்றாவது அறையின் மிச்சம் வெறும் கம்பியாகக் கிடந்தது.

அடுத்த நாள் காலை பலகையைக் கழற்றி, இணைப்பு முகத்தைக் கம்பி பிரஷ்ஷாலும் தண்ணீராலும் கல் தெரியும்வரை தேய்த்தோம். மேலே படிந்த சீமெந்துப் பாலை விட்டுவிட்டுப் புதியதை ஊற்றினால் இரண்டுக்கும் நடுவில் ஒரு காகிதம் வைத்த மாதிரி. மீதிப் பகுதியை ஒன்பது நாள் கழித்து ஒரே லொறியில் போட்டோம், 4 கனமீற்றர், காலை ஏழரைக்கு. அதுவரைக்கும், அதற்குப் பிறகும், பழைய பகுதியின் கீழ் நின்ற முட்டுகளில் ஒன்றையும் அசைக்கவில்லை.

பிறகு தெரிந்தவை

மணல் வரம்பு கட்டி, தண்ணீர் நிறுத்தி, பத்து நாள் நனைத்தோம். ரீச்சரே காலையும் மாலையும் மேலே ஏறிப் பார்த்தார். முட்டுகளை 21ஆம் நாளில்தான், நடுவில் இருந்து தொடங்கிக் கழற்றினோம்.

இறக்கிய ஒவ்வொரு லொறியிலும், நாங்கள் அடித்த கலவையிலும் வலு சோதிக்க 150 மில்லிமீற்றர் கட்டிகள் எடுத்திருந்தேன். முதல் இரண்டு லொறிகளும் 28 நாளில் 29, 31 நியூட்டன். மிக்சரில் நாங்கள் அடித்த ஏழு பைக் கலவை 24. கேட்டதற்கு ஒன்று குறைவு. பொறியியலாளரிடம் கொண்டுபோனேன். அவர் அந்தக் கலவை நிரப்பிய பட்டையின் விசையைத் திரும்பக் கணக்குப் பார்த்து, அந்த இடத்தில் அது போதும் என்று எழுத்தில் தந்தார்.

பலகை கழற்றியபோது ஒரு குறை வெளிப்பட்டது. அது மழையால் வந்ததல்ல. இரண்டாவது விட்டம் தூணோடு சேரும் இடத்தில், கம்பிகள் மேலேறிக் கட்டப்பட்ட நெரிசலுக்குள் போக்கர் இறங்காமல், கீழே கையகலத்துக்குக் கல் மட்டும் தெரிந்தது. தட்டினால் டொக்கென்று வெறுமையான சத்தம். திடமான பகுதிவரை கொத்தி எடுத்து, சுருங்காத கிரவுட்டால் (சீமெந்துக் குழம்பு) அடைத்தோம். ஒரே இடத்தில் எல்லாக் கம்பியும் மேலேறாமல் மாறி மாறிக் கட்டியிருந்தால் அது வந்திருக்காது. முதல் நாள் மாலை நான் பார்த்திருக்க வேண்டியது.

இணைப்புக் கோடு கீழ்க்கூரையில் ஒரு மெல்லிய வரையாகத் தெரிந்தது. நவம்பர் மழையில் மூன்று நாள் மேலே தண்ணீர் தேங்கி நின்றபோது கீழிருந்து டோர்ச் அடித்து முழு நீளத்தையும் பார்த்தோம். ஒரு இடத்திலும் ஈரம் கசியவில்லை. மேசன் பூச்சு அடிக்கும் முன் அந்தக் கோட்டை ரீச்சருக்குக் காட்டி, "இதுதான் டீச்சர் அந்தக் கோடு" என்றார்.

மேல் மாடிச் சிலாப்பைப் பெப்ரவரிக்குத் தள்ளியிருக்கிறோம், கொழும்பில் மழை குறைந்த மாதங்களில் ஒன்று. சனிக்கிழமை, முதல் லொறி காலை 6 மணிக்கு. கலந்து தொண்ணூறு நிமிடம் தாண்டி வரும் லொறி யார் செலவில் திரும்பும் என்பது இந்தத் தடவை ஓர்டரிலேயே எழுதப்பட்டிருக்கிறது. சோக்கட்டிக் கோட்டை எங்கே போடுவது என்று மேசனே வந்து கேட்டுவிட்டுப் போனார்.